பவுண்டுக்கு மூன்று பென்னி

வணக்கம் நண்பர்களே. மைக்கில் காற்று இரைகிறது என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த மேட்டில் யார் நின்று பேசினாலும் இதே கதிதான். தெற்கு வேல்ஸில், ட்ரெடீகருக்கும் எபு வேலுக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரமாக நிற்கிறேன். எனக்குப் பின்னால் கற்கள் தெரிகின்றனவா? பெரிய கல் ஒன்று, சிறியவை மூன்று. பெரியது அனைரின் பெவன், பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்த அமைச்சர். சிறியவை அவர் தொகுதியின் மூன்று ஊர்கள்: எபு வேல், ரம்னி, ட்ரெடீகர். இந்த இடத்தில்தான் அவர் தன் மக்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். ஒலிபெருக்கி இல்லாமல் இந்தக் காற்றில் எப்படிப் பேசினாரோ!

இதில் இன்னொரு வியப்பு, அவருக்குத் திக்குவாய். இந்த முன்னுரையை நான் நான்காவது முறையாகப் பதிவு செய்கிறேன், எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது. எந்தச் சொல் வாயில் சிக்குமோ அதை விட்டுவிட்டு, அதே பொருளுக்கு வேறு சொல்லைத் தேடிப் பிடிப்பாராம். அப்படித் தேடித் தேடியே சொல்வளம் பெருகிவிட்டது. தொழிலாளர் சங்க நூலகத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். பின்னாளில் நாடாளுமன்றத்தில் சர்ச்சிலையே நேருக்கு நேர் நின்று சீண்டிய நாக்கு அது.

பிறந்தது 1897, ட்ரெடீகரில். அப்பா டேவிட் சுரங்கத் தொழிலாளி. மகனும் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். அந்தச் சுரங்கத்தின் பெயர் டீ ட்ரிஸ்ட். வெல்ஷ் மொழியில் 'துயர வீடு' என்று பொருள். அந்தப் பெயரைக் கேட்ட பிறகும் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எப்படித்தான் கிளம்புவார்களோ. 1925இல் அப்பா இறந்தார். நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. நட்டஈடு ஒரு பென்னி வரவில்லை. நட்டஈடு தரவேண்டிய நோய்களின் பட்டியலில் அப்போது அந்த நோயே கிடையாது.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ட்ரெடீகரில் தொழிலாளர்களே நடத்திய ஒரு மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. சம்பளத்தில் பவுண்டுக்கு மூன்று பென்னி பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் பவுண்டுக்கு 240 பென்னி. ஆக, எண்பதில் ஒரு பங்கு. அதற்கு மருத்துவர், மருந்து, மருத்துவமனை, பல் வைத்தியம் என எல்லாம் கிடைத்தன. ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் அந்தச் சங்கத்தின் குடைக்குள்தான். பெவன் அதன் மருத்துவமனைக் குழுவில் இருந்தார். பின்னாளில் அமைச்சராகி அவர் செய்தது பெரிய கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கவில்லை. தன் ஊரில் நடந்ததை நாடு முழுவதற்கும் விரித்தார், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரிய வேலை என்பது வேறு விஷயம்.

1929இல் எபு வேல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். சாகும் வரை அதே தொகுதி. 1934இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜென்னி லீயை மணந்தார், அவரும் அரசியல்வாதி. 1939இல் இவருடைய தொழிற்கட்சி இவரை வெளியேற்றி, பிறகு திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1945இல் பிரதமர் அட்லியின் அமைச்சரவையில் சுகாதாரத் துறை கிடைத்தது. வீட்டுவசதியும் அதே துறையில்தான்.

எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். மருத்துவர்கள் லேசில் மசியவில்லை. 1948 பிப்ரவரியில் அவர்கள் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில், திட்டத்துக்கு எதிராக 40,000 பேருக்கு மேல். ஆதரவு 5,000கூட இல்லை. பெவன் வளைந்து கொடுத்தார். பெரிய மருத்துவர்கள் அரசு மருத்துவமனையிலேயே தனியாகப் பணம் வாங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர்கள் வாயில் தங்கத்தைத் திணித்தேன் என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். 1948 ஜூலை 5, தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. அதற்கு முந்தைய நாள் மான்செஸ்டரில் பேசும்போது, எதிர்க்கட்சியினரைப் பூச்சி புழுக்களை விடக் கேவலமானவர்கள் என்று சொல்லிவைத்தார். வறுமையில் கழிந்த இளமையின் கோபம்தான், புரிகிறது. ஆனாலும் விடிந்தால் கல்யாணம் என்கிற நேரத்தில் சம்பந்தி வீட்டாரை ஏசுவார்களா?

கதவு திறந்ததும் கூட்டம் அலைமோதியது. எதற்கு? பெரும்பாலும் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும். அதுவரை கடையில் விற்ற மலிவுக் கண்ணாடிகளைப் போட்டுப் பார்த்து, எது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதோ அதை வாங்கியவர்கள் ஏராளம். முதல் ஆண்டிலேயே ஐம்பது லட்சத்துக்கு மேல் கண்ணாடிகள் வழங்கினார்கள்.

அந்தக் கண்ணாடிதான் அவர் பதவிக்கும் உலை வைத்தது. 1951இல் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், ஆயுதங்களுக்கென மூன்று ஆண்டுகளுக்கு 470 கோடி பவுண்டு என்ற திட்டத்துக்குப் பணம் தேடினார். கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் பாதி விலையை மக்களிடம் வாங்கலாம் என்றார். முதல் ஆண்டில் அதில் மிச்சமாகக்கூடியது 1.3 கோடி பவுண்டு. இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெவன் ராஜினாமா செய்தார். பின்னாளில் பிரதமரான ஹெரால்டு வில்சனும் கூடவே விலகினார்.

பிடிவாதக்காரர் என்று திட்டியவர்கள் உண்டு. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்னி, வாங்க வழிசெய்த 1949 சட்டத்தின்போது இவர் அமைச்சர்தான், விலகவில்லை. ஆனால் அது வாங்கப்படாமல் காகிதத்தில் கிடந்தது. கண்ணாடிக் கட்டணமோ கைக்கு வந்த ரசீது. நான் பெவன் பக்கம்.

அதன்பின் 1955இல் கட்சித் தலைமைப் போட்டியில் அதே கெய்ட்ஸ்கெல்லிடம் தோற்றார். 1959இல் துணைத்தலைவர். 1960 ஜூலை 6, வயிற்றுப் புற்றுநோயில் மறைந்தார். சேவைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த மறுநாள்.

இதோ, காலையில் மருந்துக்கடையில் வாங்கிய பை. இரண்டு வகை மாத்திரைகள், ஒரு களிம்பு. பணம் கேட்கவில்லை, 2007 முதல் வேல்ஸில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்தில் இன்னும் உண்டு. ஆனால் பல் செட்டு? அதற்கு இங்கேயும் பெரும்பாலானவர்கள் பணம் கட்டத்தான் வேண்டும். சரி, மழை தொடங்கிவிட்டது, கேமராவை மூடுகிறேன்.