கடக்வாஸ்லாவும் எழுநூறு மதிப்பெண்ணும்

விழாத் தலைவர் அவர்களே, முன்னாள் படைவீரர் சங்கத்தின் மூத்த சுபேதார் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்துவிட்ட பேரூராட்சித் தலைவர் அவர்களே, இன்று ஒருநாள் இந்த மைதானத்தில் மாடு கட்டாமல் விட்டுக்கொடுத்த பெரியவர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். சால்வை போர்த்திய கைகளுக்கு நன்றி. அடுத்த ஆண்டு சால்வைக்குப் பதில் நோட்டுப் புத்தகமாகக் கொடுத்தால் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் வாழ்த்துவார்கள்.

முப்படைகளுக்கும் அதிகாரிகளாகப் போகிறவர்களைப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, அதன் வரலாறு. இரண்டு, அங்கே பயிலும் கேடட்டுகளின் அன்றாடம். மூன்று, அங்குள்ள படிப்பு. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மூன்றும் நகர்கிறதா, பார்ப்போம்.

புனேக்கு அருகே கடக்வாஸ்லா ஏரிக்கரையில், சிங்ககட் கோட்டை பார்த்துக்கொண்டிருக்க, அந்த அகாடமி நிற்கிறது. 1949 ஜனவரியில் டேராடூனில் முப்படைக்கும் பொதுவான பயிற்சி தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் நேரு கடக்வாஸ்லாவில் அடிக்கல் நாட்டினார். 1954 இறுதியில் பயிற்சி இங்கே இடம் மாறியது. நடுவில் குவிமாடத்தோடு ஒரு கட்டடம் இருக்கிறதே, அதற்குச் சூடான் பிளாக் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் சூடானைக் காக்க நின்று மடிந்த நம் சிப்பாய்களின் நினைவாகச் சூடான் அரசு ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தது. பிரிவினையில் அந்தப் பணத்தையும் பங்கு பிரித்தார்கள். நமக்கு 70,000, பாகிஸ்தானுக்கு 30,000. சொத்துப் பிரிக்கிற வீட்டில் ஆட்டுக்கல்லைக்கூட விடமாட்டார்கள் அல்லவா?

இனி அன்றாடம். மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள். விடியும் முன்பே உடற்பயிற்சி அல்லது டிரில், பிறகு வகுப்பு, மாலையில் விளையாட்டு. குதிரையேற்றமும் நீச்சலும் உண்டு. வகுப்புக்கு வரிசையாகச் சைக்கிளில் போக வேண்டும். இரண்டாயிரம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ணும் உணவுக்கூடம் இருக்கிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே சேர்ந்தான். அப்பா கரும்பு வெட்டும் தொழிலாளி. முதல் பருவம் முடிந்து விடுமுறையில் வந்தவன் என்னிடம் சொன்னான், "சைக்கிள் என்னைச் சுமந்த தூரத்தைவிட நான் சைக்கிளைச் சுமந்த தூரம் அதிகம் சார்." தண்டனை அப்படி. ஆனால் வேடிக்கை வீட்டில்தான் நடந்தது. அம்மா இலை போட்டார். பையன் நாற்காலி நுனியில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, சுவரையே பார்த்துக்கொண்டு, பேச்சுமூச்சில்லாமல் சாப்பிட்டான். முடித்ததும், "எழுந்திருக்கலாமா?" என்று கேட்டான். பாட்டிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மறுநாள் நான்கு மணிக்கு எழுந்து போர்வையை மடித்து வைத்திருக்கிறான். பாட்டி தடவிப் பார்த்துவிட்டு, "இது போர்வையா, செங்கல்லா?" என்றார். அதற்குமேல் பாட்டியால் பொறுக்க முடியவில்லை. "என் பேரனுக்கு யாரோ என்னவோ செய்துவிட்டார்கள்" என்று நேரே பூசாரியிடம் ஓடினார். பூசாரி யார் தெரியுமா? மதராஸ் ரெஜிமெண்டில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தார், வாசலில் நின்றார், "சாவ்தான்!" என்று அணிவகுப்பில் ஆணையிடும் குரலில் ஒரு சத்தம் போட்டார். உள்ளே பையன் நிமிர்ந்து விறைத்து நின்றான். பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பேய் இல்லை ஆத்தா. இது டிரில் சொல்லித்தரும் உஸ்தாத். மூன்று வருடம் கழித்துத் தானாக இறங்கும்" என்றார்.

சிரித்தது போதும். அந்தப் பையன் அகாடமியில் சேர்வதற்கான எழுத்துத் தேர்வில் முதல் முறை தவறிவிட்டான் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அணிக்கோவை என்று கேட்டால் தூக்கத்திலும் விடை சொல்பவன். வினாத்தாளில் டிட்டர்மினன்ட் என்று இருந்தது. நீள்வட்டத்தின் குவியத்தைக் கண்டுபிடிப்பவனுக்கு எலிப்ஸ் எது என்று புரியவில்லை. அவனுக்குக் கணிதம் தெரியாது என்று மதிப்பெண் சொல்லிவிட்டது. ஓர் ஆண்டு முழுக்க நான் அவனுக்குக் கணிதம் நடத்தவில்லை, கணிதத்தின் ஆங்கிலப் பெயர்களை நடத்தினேன்.

ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அந்தத் தேர்வுக்கு மொத்தம் 900 மதிப்பெண். அதில் ஆங்கிலத்துக்கு 200. அது இருக்கட்டும், அதிகாரி ஆகிறவனுக்கு ஆங்கிலம் வேண்டும். மீதி 700, கணிதமும் பொது அறிவும். அந்த வினாக்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சாகின்றன. படைக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் சைனிக் பள்ளிகளில், நம் அமராவதிநகர் பள்ளி உட்பட, ஆறாம் வகுப்புச் சேர்க்கைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். 2024 முதல் மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வையும் தமிழில் எழுதலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் கான்ஸ்டபிளுக்கும் தமிழ் உண்டு, அதிகாரியாகப் போகிறவனுக்கு மட்டும் இல்லை என்றால் இது என்ன கணக்கு? நான் கணக்கு வாத்தியார், எனக்கே விளங்கவில்லை. "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று மதராஸ் ரெஜிமெண்ட் எழுப்பும் போர் முழக்கம் தமிழ். அந்த அகாடமிக்குள்ளே சீனமும் அரபும் பிரெஞ்சும் ரஷ்யமும் சொல்லித்தருகிறார்கள். வாசலில் தமிழில் ஒரு வினாத்தாள் கிடையாதா?

உள்ளே போனபின் பாடம் ஆங்கிலத்தில்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தியில் படித்து வருகிறவனுக்கும் அதேதான். அவன் உள்ளே போய்க் கற்றுக்கொள்ளவில்லையா?

மாறாது என்கிறார்கள். பெண்கள் நுழைய முடியாது என்றும்தான் சொன்னார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறக்கச் சொன்னது. 2022இல் சேர்ந்தவர்களில் 17 பெண்கள் 2025 மே மாதம் அணிவகுத்து வெளியேறினார்கள். அந்த அணிவகுப்பின் முடிவில் 'அந்திம் பக்', அதாவது கடைசி அடி என்று பொறித்த படியைத் தாண்ட வேண்டும். அடி மேல் அடி என்றேனே, அம்மி அங்கே நகர்ந்தது. அந்த 700 மதிப்பெண் வினாக்களைத் தமிழிலும் அச்சிடக் கேட்டு நான் இதுவரை ஒன்பது மனு அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்குப் பதில் வந்தது. இரண்டும் ஒரே கடிதம், தேதி மட்டும் வேறு.

மூன்றாவது செய்தி படிப்பு. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம், அறிவியலா கலையா என்ற தேர்வு, இவற்றை விரிவாகச் சொல்லக் குறிப்பு எடுத்து வந்தேன். தலைவர் கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டார்.

பத்தாவது மனு தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்தோடு பெயரையும் ஊரையும் தெளிவாக எழுதுங்கள், போன முறை பாதிப் பெயர்களை எனக்கே படிக்க முடியவில்லை. பேனா நூலில் கட்டியிருக்கிறது, அறுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பேரூராட்சித் தலைவர் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சற்றுமுன் என் காதில் சொன்னார். மேடையில் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.