வண்டிகள் அறுத்த பாறை: வயோமிங்கில் ஒரு நாள்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கெர்ன்சி என்ற சின்ன ஊருக்குத் தெற்கே நிற்கிறேன். கேமராவைக் கீழே காட்டுகிறேன், பாருங்கள். வாய்க்கால் மாதிரி தெரிகிறது, இல்லையா? இது மணற்பாறை. 19-ம் நூற்றாண்டில் ஓரிகன் பாதை என்ற நெடுந்தூர வழியில் மேற்கே குடியேறப் போனவர்களின் வண்டிகள் தேய்த்துத் தேய்த்தே இப்படி ஆகிவிட்டது. சில இடங்களில் ஐந்தடி ஆழம், உள்ளே இறங்கினால் என் தோள் வரைக்கும் வருகிறது.

சமவெளியில் வண்டிகள் பரவலாகப் பிரிந்து போய்விடும். இங்கே ஆற்றோரம் வழி சரியில்லாததால், எல்லோரும் இந்த மேட்டில் ஒரே இடத்தில்தான் ஏற வேண்டியிருந்தது. அதனால்தான் இந்த ஆழம். 1966-ல் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.

அப்புறம், பக்கத்திலேயே ரெஜிஸ்டர் கிளிஃப் என்ற செங்குத்துப் பாறை. லாரமி கோட்டையைத் தாண்டி ஒரு நாள் பயண தூரம் என்பதால் இராத்தங்கலுக்கு வசதியான இடம். தங்கியவர்கள் பாறையில் பெயரைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். இதோ, 'ஏ. எச். அன்தாங்க், 1850'. இந்தியானா மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிக் கிளம்பிய பத்தொன்பது வயதுப் பையன். ஜூன் கடைசியில் இதைச் செதுக்கினான். ஜூலை 2-ம் தேதி காலராவில் போய்விட்டான். கிளென்ராக் பக்கத்தில் அவனுடைய கல்லறை இருக்கிறது. இதே பாறையில் 1869-லும் 1931-லும் அந்தக் குடும்பத்தார் வந்து தங்கள் பெயரையும் செதுக்கியிருக்கிறார்கள். எந்தத் தகவல் பலகையும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது ஆளில்லாத காடு இல்லை. லகோட்டா, ஷையான், அரபஹோ என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த பூமி. 1851-ல் லாரமி கோட்டை ஒப்பந்தத்தில், பயணிகளுக்கு இடைஞ்சல் செய்வதில்லை என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பதிலுக்கு அமெரிக்க அரசு ஐம்பது வருடம் பொருளுதவி தருவதாகப் பேச்சு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் அதைப் பத்து வருடமாக வெட்டிவிட்டது! இந்தத் தடத்தைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் வருவதாக இருந்தால் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வாருங்கள், எழுத்துகள் எடுப்பாகத் தெரியும். பழைய பெயர்கள் மேலேயே புதிதாகக் கிறுக்கியிருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தடவிப் பார்க்கவும் வேண்டாம், கல் உதிர்கிறது.