கார்வி முளைக்கும் சரிவுகள்

நண்பர்களே, வணக்கம்.

மும்பையில் காட்டுநடைக்கு ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மாத்தேரானுக்கும் லோனாவ்லாவுக்கும் ரயில் பிடிக்கிறார்கள். நல்ல இடங்கள்தான். ஆனால் போரிவலி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகும் தூரத்தில், ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே நடக்கப் போங்கள், போனால் தடத்தை விட்டு விலகாதீர்கள். இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

அந்தக் காட்டின் கதை முழுக்கத் தண்ணீர்தான். பூங்காவுக்குள் இருக்கும் கான்ஹேரியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் இருக்கின்றன. எல்லோரும் சிலைகளைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பாறைத் தரையைப் பாருங்கள். மழைநீரைத் தொட்டிகளுக்குக் கொண்டுபோகப் பிக்குகள் கருங்கல்லில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அதில் நீர் ஓடுவதைப் பார்த்தால் நகரவே மனம் வராது. அப்புறம் துளசி, விஹார் ஏரிகள். 19ஆம் நூற்றாண்டில் கட்டிய இந்த இரண்டும் இன்றும் மும்பைக்குக் குடிநீர் தருகின்றன. துளசி நிரம்பி வழிந்தால் தஹிசர் ஆறு. விஹார் வழிந்தால் மித்தி ஆறு. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நகரத்துக்குள் புகுந்தது இதே மித்திதான். காட்டுக்குள் தஹிசர் தெளிந்து ஓடுகிறது, வெளியே வந்ததும் சாக்கடையாகிறது. இதை நேரில் பார்த்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சரி, தடத்தை விட்டு ஏன் விலகக் கூடாது? பலர் சிறுத்தையைச் சொல்வார்கள். உண்மைதான், இருக்கிறது, இருட்டும் முன் வெளியே வந்துவிடுங்கள், குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெரிய கவலை கார்விச் செடி. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையே ஊதாவாகும்படி பூத்து, விதை உதிர்த்து, செத்துப்போகும் செடி அது. 2016இல் பூத்தது, 2024இல் பூத்தது. தாய்ச்செடிகள் போன சரிவுகளில் இனி மண்ணைப் பிடிக்க வேண்டியவை இளஞ்செடிகள்தான். பாதை வளைந்து போகிறதே என்று பத்துப் பேர் குறுக்கே இறங்கினால் அவை மிதிபட்டுப் போகும். அடுத்த மழை அந்தக் கால்தடத்தை ஓடையாக்கி மண்ணைக் கீழே கொண்டுபோகும். பாதை சேறாக இருந்தாலும் ஓரமாக ஒதுங்காமல் சேற்றிலேயே நடங்கள். செருப்பைக் கழுவிக்கொள்ளலாம்.

ஷிலோண்டா போன்ற தடங்களில் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள்; காடு தெரிந்த ஒருவர் காட்டும் பூச்சியையும் விலங்கின் காலடித்தடத்தையும் நாம் தனியாகப் போனால் பார்க்கவே மாட்டோம். திங்கட்கிழமை பூங்கா விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள்.