720720 எண்ட எண்ணுக்குள்ள என்ன இருக்கு?

எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்கு ஒரே ஒரு எண்தான்: 720720. கொப்பியும் பேனையும் எடுத்து வைச்சிட்டுப் பாருங்கோ.

முதல்ல இதை முதன்மை எண்களின்ர பெருக்கமா உடைப்பம். எடுத்த உடன 2ஆல பிரிக்கத் தொடங்காதேங்கோ. 720 ரெண்டு தரம் பக்கத்தில பக்கத்தில நிக்குதெல்லோ? அப்ப இது 720 × 1001. அந்த 1001 எண்டது 7 × 11 × 13. 720 எண்டது 2⁴ × 3² × 5. முடிஞ்சுது: 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. நீட்டுப் பிரித்தல் செய்யிற ஆக்கள் 7ஆல பிரிக்கேக்க கவனம். விடை 102960. நடுவில வாற பூச்சியத்தை விட்டிட்டு 12960 எண்டு எழுதினா, பிறகு எல்லாமே பிழைக்கும்.

(தமிழ்நாட்டு வீடியோக்களில பகா எண் எண்டு சொல்லுறதுதான் எங்கட புத்தகத்தில முதன்மை எண். ரெண்டும் ஒண்டுதான், குழம்பாதேங்கோ.)

இப்ப காரணிகள் எத்தினை? ஒவ்வொரு சுட்டியோடயும் (2⁴இல மேல நிக்கிற 4 மாதிரி; ஒண்டும் போடாட்டி சுட்டி 1) 1ஐக் கூட்டிப் பெருக்கவேணும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. கன பேர் அந்த 1ஐ மறந்து 4 × 2 = 8 எண்டு எழுதுவினம். ஏன் கூட்டுறம்? ஒரு காரணியைக் கட்டேக்க 2ஐ நாலு தரம் எடுக்கலாம், மூண்டு, ரெண்டு, ஒரு தரம் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். அந்த எடுக்காமல் விடுறதும் ஒரு தெரிவு. அதோட அஞ்சு.

இந்த 240தான் விசயமே. 720720ஐ விடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தினை காரணி இல்லை. அதுக்குக் கிட்ட வாற 665280க்கும் 224தான். இப்பிடி, தனக்கு முன்னால நிக்கிற எல்லா எண்ணையும் காரணியில வெல்லுற எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915இல பெரிய கட்டுரை எழுதினார். சின்ன முதன்மை எண்ணுக்குப் பெரிய சுட்டி, அதுதான் இதின்ர சூட்சுமம். 2க்கும் 3க்கும் சுட்டியை மாத்திப் பாருங்கோ, 2² × 3⁴ எண்டு. காரணி அதே 240, ஆனா எண் 1621620 ஆகிடும். ரெண்டு மடங்குக்கும் மேல!

பத்து லட்சத்துக்குள்ள 240 காரணி உள்ள எண்கள் அஞ்சு: 720720, 831600, 942480, 982800, 997920. 240ஐத் தாண்டவேணுமெண்டா 1081080 மட்டும் போகவேணும். அதுக்கு 256.

மற்ற வகைகளைச் சுருக்கமாச் சொல்லுறன். தன்னை விட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினா 2529072, தன்னிலும் மூண்டரை மடங்குக்கு மேல. அந்தக் கூட்டுத்தொகை தன்னை விடக் கூடினபடியா இது மிகை எண். இலக்கங்களைக் கூட்டினா 18, அந்த 18ஆலயும் மீதியில்லாமல் பிரிபடும். வர்க்க எண் இல்லை. ஒண்டுக்கொண்டு ஆகக் கிட்டவா நிக்கிற காரணிச் சோடி 840 × 858.

கடைசியா, சோதனைக்கு உதவுற ஒண்டு. 1 தொடக்கம் 16 வரையான எண்களின்ர பொ.ம.சி. (பொது மடங்குகளுள் சிறியது) இதுதான். 2 தொடக்கம் 16 வரை எதால பிரிச்சாலும் மீதி 1 வாற, 1ஐ விடப் பெரிய ஆகச் சின்ன எண்ணைக் கேட்டா, 720721. எல்லாத்தையும் பெருக்கி 1ஐக் கூட்டினா மீதி சரியா வரும், ஆனா அது 14 இலக்க எண். ஆகச் சின்னது எண்டுதானே கேள்வி. 17ஐயும் சேர்த்துக் கேட்டா விடை என்ன எண்டு செய்து கீழ எழுதுங்கோ.