சங்கத்து ஜெனரேற்றரும் ஜனாதிபதியின்ர அவசரமும்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். கோயில் பரிபாலன சபைக்கு வணக்கம். எதிரணிக்கு அரை வணக்கம், மிச்சத்தைத் தீர்ப்புக்குப் பிறகு தாறன். கச்சான் சரையோட இருக்கிற என்ர சனத்துக்கு மட்டும் முழு வணக்கம்.

தலைப்பு தெரியும்தானே? "நட்டத்தில் ஓடும் மின் நிலையங்களை அரசு காசு கொடுத்துக் காப்பது கடமையா, அதிகார மீறலா?" நாங்கள் அதிகார மீறல் பக்கம். உண்மையைச் சொன்னால், சீட்டுக் குலுக்கித்தான் பக்கம் தந்தவை. பரவாயில்லை, கதை ஒண்டு இருக்கு.

எங்கட ஊருக்குக் கரண்ட் வராத காலத்தில சங்கம் ஒரு ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து வைச்சிருந்தது. மில்காரற்ற ஜெனரேற்றர். ஆறு மணிக்குக் கயிறு இழுக்கத் தொடங்கினால் ஆறரைக்குத்தான் அதுக்கு உயிர் வரும். அது ஓடுற நேரம் ஊரில புருசன் பெண்சாதி சண்டையே இல்லை. ஆர் என்ன ஏசினாலும் கேக்காது! வீட்டுக்கு ஒரு லைற், மாசம் ஒரு கட்டணம். நல்ல சேவை, நான் குறை சொல்லேல்ல.

பிறகு கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கரண்ட் வந்தது. தேங்காய் உடைச்சம். ஜெனரேற்றரைத் திருப்பிக் குடுக்கிறதெண்டு பொதுக்கூட்டத்தில முடிவெடுத்து, நாளும் குறிச்சாச்சு. மில்காரருக்கே சந்தோசம், வித்துப்போட்டு லாண்ட்மாஸ்ரர் வாங்க நிண்ட மனிசன்.

அப்பதான் தலைவர் எழும்பினார். "நிப்பாட்டேலாது. அவசரம்!"

"என்ன அவசரம் தலைவர்?"

"கரண்ட் நிண்டால்?"

"நிக்கேல்லையே."

"நிண்டால்?"

கூட்ட அறிக்கைப் புத்தகத்தை எடுத்தார், "அவசரம், தொண்ணூறு நாளைக்கு ஓடவேணும்" எண்டு எழுதினார், தானே கையெழுத்தும் வைச்சார். பொதுச்சபையைக் கேக்கேல்ல, பொருளாளரைக் கேக்கேல்ல. தொண்ணூறு நாள் முடிய, திரும்பவும் அவசரம். அதுவும் முடிய, மூண்டாம் அவசரம்! வீட்டுக்குள்ள கரண்டில ரியூப் லைற் எரியுது, வெளியில ஜெனரேற்றர் இரையுது, அதில ஒரு பல்ப் கொழுவியிருக்கோ? இல்லை! பொருளாளர் தலையைச் சொறிஞ்சு கொண்டு கேட்டார், "தலைவர், இது என்னத்துக்கு ஓடுது?" "நிக்காமல் இருக்க ஓடுது."

சிரிக்காதேங்கோ, இன்னும் இருக்கு. ஒருநாள் ஜெனரேற்றர் பழுது. அடிச்சட்டம் வெடிச்சுப் போச்சு. தலைவர் என்ன செய்தார்? வெல்டிங்காரனைக் கூட்டிவந்து, கோயில் பிளக்கில வயர் குத்தி, கரண்டிலயே ஜெனரேற்றரை ஒட்டுவிச்சார்! பின்னால இருக்கிற அக்காவைக்குக் கேட்கேல்லப் போல, இன்னொருக்காச் சொல்லுறன். கரண்ட் நிண்டால் உதவ வேணுமெண்டு வைச்சிருந்த ஜெனரேற்றர். அது நிண்டு போச்சு. அதைக் காப்பாற்றினது ஆர்? கரண்ட்!

அந்த டீசலை வித்தது ஆரெண்டு கேளுங்கோவன். தலைவரின்ர மச்சான். தேர்தலில "உன்ர கடையை மூடவிடமாட்டன்" எண்டு வாக்குக் குடுத்து வென்ற தலைவர் அவர். ஊர்ப் பேர் கேக்காதேங்கோ, மனிசன் இங்க முன்வரிசையிலயும் இருக்கக்கூடும்.

இனி அமெரிக்காவுக்கு வாங்கோ. மிச்சிகன் மாநிலத்தில ஜே.எச். காம்பெல் எண்டு ஒரு நிலக்கரி மின் நிலையம். மூடினால்தான் வாடிக்கையாளருக்குக் காசு மிச்சம் எண்டு கம்பனியே கணக்குப் பார்த்து, 2025 மே 31 எண்டு நாளும் குறிச்சிட்டுது. எட்டு நாள் இருக்கேக்க, மே 23, ஜனாதிபதி ட்ரம்பின்ர எரிசக்திச் செயலாளர் கிறிஸ் ரைட் கட்டளை போட்டார்: அவசரம், தொண்ணூறு நாள் ஓடவேணும்! ஓகஸ்டில திரும்பவும். நவம்பரில திரும்பவும். அந்தப் பக்கத்து மின்வலையை நடத்துறவை கேட்டவையோ? கேக்கேல்ல. அந்த ஜூன் முடியிறதுக்கிடையிலயே 29 மில்லியன் டொலர் செலவு, அதைக் கட்டப்போறது கரண்ட் பாவிக்கிற சனம். யுத்தத்துக்கும் திடீர்த் தட்டுப்பாட்டுக்குமெண்டு 1935இல எழுதின சட்டப்பிரிவை வைச்சுக்கொண்டு எங்கட தலைவரின்ர வேலையை அப்பிடியே செய்தவை.

நேர்வழியில ஏன் போகேல்ல எண்டு கேப்பியள். போனவை, கதவு பூட்டியிருந்தது. 2017இல, ட்ரம்பின்ர முதல் ஆட்சியில, அப்போதைய எரிசக்திச் செயலாளர் ரிக் பெரி, தொண்ணூறு நாள் எரிபொருளைக் கையில வைச்சிருக்கிற நிலையங்களுக்குக் கூடக் காசு குடுங்கோ எண்டு மின்சாரத்தை ஒழுங்குபடுத்துற அமெரிக்க ஆணைக்குழுவைக் கேட்டார். 2018 ஜனவரியில ஐந்து பேரும் ஒரே குரலில மாட்டம் எண்டிட்டினம். அந்த ஐந்து பேரில நாலு பேரை நியமிச்சதே ட்ரம்ப்!

சரி, எதிரணித் தலைவர், மதிப்புக்குரிய வாத்தியார், ஒரு பகிடி விட்டவர். நீங்களும் கை தட்டினியள், நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். "குப்பி விளக்கில படிச்ச வன்னிப் பெடியனுக்கு மிச்சிகன் கரண்ட் பில் என்னத்துக்கு? முதல் உன்ர வீட்டு மீற்றரைப் பார்!"

பாத்தன் வாத்தியார். 2022 ஓகஸ்டில இலங்கையில கரண்ட் கட்டணம் சராசரி 75 வீதம் கூடினதைப் பாத்தன். 2023 பெப்ரவரியில அதுக்கு மேல 66 வீதம் கூடினதையும் பாத்தன். கூட்டாதேங்கோ எண்டு நிண்ட, கரண்ட் கட்டணத்தை ஒழுங்குபடுத்துற பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின்ர தலைவருக்கு என்ன நடந்தது? அந்த மே மாதம் பாராளுமன்றத்தில 123க்கு 77 எண்டு வாக்கெடுத்து ஆளை வீட்டுக்கு அனுப்பினவை. அங்க ஆணைக்குழுவைச் சுத்திப் போனவை, இங்க ஆணைக்குழுத் தலைவரையே தூக்கினவை! அதுக்கு முதல் வருசம், எங்கட மன்னார்க் காற்றுக்கு என்ன நடந்தது? மின்சார சபைத் தலைவர் பாராளுமன்றக் குழுவுக்கு முன்னால இருந்து, காற்றாலைத் திட்டத்தை இந்தியாவின்ர அதானி கம்பனிக்குக் குடுக்கச் சொல்லி எங்கட அப்போதைய ஜனாதிபதி தனக்குச் சொன்னவர் எண்டார். ஜனாதிபதி மறுத்தார். சொன்னவர் சொன்னதை விழுங்கினார், கதிரையையும் விட்டார். மீற்றரைப் பார் எண்டால் இவ்வளவும் தெரியுது வாத்தியார், இன்னும் பாக்கட்டோ?

"நிலக்கரி எண்டால் நம்பிக்கை" எண்டும் சொன்னியள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு பாய்ஞ்சதெண்டு அமைச்சரே சொன்னார். நாடு முழுக்க இருட்டு. அதில விழுந்து நாள்கணக்கில எழும்பாமல் கிடந்தது எது? நுரைச்சோலை. உங்கட நம்பிக்கை நட்சத்திரம், நிலக்கரி! மானியத்தை அந்தக் குரங்குக்குக் குடுத்திருந்தால், அது வீட்டில இருந்திருக்கும்.

ஆனால் குப்பி விளக்கெண்டு சொன்னியள் பாருங்கோ, அதில எனக்குச் சிரிப்பு வரேல்ல.

எதிரணி முழுக்க ஒரே வெருட்டுத்தான்: காசு குடுக்காட்டி இருட்டு, இருட்டு, இருட்டு. ஆருக்கு இருட்டைக் காட்டுறியள்? உப்புத் தண்ணியில அம்மாளுக்கு விளக்கெரிக்கிற வற்றாப்பளை மண்ணுக்கோ? ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சைத் திணிச்சு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால நூல் கோத்து, ஒரு சொட்டு மண்ணெண்ணெயில முழு ஓ எல் பாடமும் படிச்ச சனத்துக்கோ? மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலம் அது. எங்கட அம்மா தேங்காய் எண்ணெய்யைச் சமையலுக்கு விடாமல் விளக்குக்கு விட்டவ. நாங்கள் மூண்டு பேரும் விளக்கைச் சுத்தியிருந்து படிப்பம், அவ வெளிச்சத்துக்கு வெளியில இருப்பா, எங்கட நிழல் புத்தகத்தில விழாமல் தலையைத் தள்ளித் தள்ளி விடுவா.

அந்த மனிசிக்கு வீட்டில கரண்ட் வந்தது. ஃபான் வாங்கிக் குடுத்தன். 2023இல அந்த பில் வந்த நாளில இருந்து அவ ராவில ஃபான் போடுறேல்ல. வன்னி வெக்கை, பங்குனி மாசம், விசிறி மட்டையோட விறாந்தையில இருக்கிறா. "ஏனம்மா?" எண்டால், "காத்து வருது மோனை" எண்டுறா. காத்து வரேல்ல ஐயா. எனக்குத் தெரியும், காத்து வரேல்ல.

இதுக்கும் மிச்சிகன் நிலக்கரிக்கும் என்ன தொடர்பு எண்டு எதிரணி எழும்பிக் கேக்கும். கேக்கட்டும். பெரிய கதிரையில இருக்கிறவன் "அவசரம்" எண்டு ஒரு கையெழுத்து வைக்கேக்க, ஃபானை நிப்பாட்டுற கை எந்த நாட்டிலயும் ஒரு அம்மாவின்ர கைதான்.

நடுவர் ஐயா மணியில கை வைச்சிட்டார். ஒரு நிமிசம் ஐயா. அம்மா வந்திருக்கிறா. அந்தா, மூண்டாவது வரிசையில, பச்சைச் சீலை. தீர்ப்பை எந்தப் பக்கத்துக்கு வேணுமெண்டாலும் சொல்லுங்கோ, ஆனால் அவவைப் பாத்துச் சொல்லுங்கோ. வணக்கம்.