39 வயதில் பி.எட்.: மகளின் முடிவும் நான் தேடித் தெரிந்துகொண்டவையும்

[திரையில்: சமையலறை மேடை, பாதி ஆய்ந்த முருங்கைக்கீரை]

வணக்கம். இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது என் மகள் சொன்னாள்: "அம்மா, வேலையை விடப் போகிறேன். பி.எட். படித்து டீச்சராகப் போகிறேன்."

அப்போது அவளுக்கு வயது 39. மென்பொருள் சோதனைப் பிரிவில் பதினான்கு வருட வேலை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன். நானோ 31 வருடம் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். மகிழ்ந்திருக்க வேண்டும், எனக்குப் பயம்தான் வந்தது. "இந்த வயதில் உன்னை யார் எடுப்பார்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு எனக்கே சரியான பதில் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து விதிகள் இன்று இல்லை. ஆகவே மறுநாளிலிருந்து உட்கார்ந்து தேடினேன். உங்கள் வீட்டிலும் வளர்ந்த பிள்ளை இப்படி ஒரு முடிவோடு வந்து நின்றால், பயத்திலிருந்து பேசாமல் விவரத்திலிருந்து பேசுங்கள். அதற்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் வயது. தமிழ்நாட்டில் அரசு ஆசிரியர் பணிக்கான உச்ச வயது 2020இல் பொதுப்பிரிவினருக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று குறைக்கப்பட்டது. அது அப்படியே நின்றிருந்தால் என் பயம் நியாயம். ஆனால் 2023இல் அது 53, 58 என்று உயர்த்தப்பட்டது. ஓய்வு பெறும் வயது 60. அவளுக்குக் கதவு திறந்துதான் இருந்தது. என்றாலும் இந்த எண்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒவ்வொரு அறிவிப்பிலும் புதிதாகப் பார்த்துவிட வேண்டும்.

[திரையில்: மூன்று வகுப்பறைகள் – 1 முதல் 5, 6 முதல் 10, 11 மற்றும் 12]

அடுத்தது, மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கேள்வி. எந்த வயதுக் குழந்தைகளோடு இருக்க ஆசை?

பி.எட். முடித்தால் எந்த வகுப்புக்கும் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளுக்கு, அதாவது ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்க, பி.எட். தகுதி ஆகாது என்று தீர்ப்பளித்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனிக் கலை. அதற்கு இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு வேண்டும். அந்த வகுப்புகளில் பாடம் எடுத்தவர்களை அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையில், தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆறு முதல் பத்து வரை என்றால் இளங்கலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலையும் சேர வேண்டும். என் மகள் இளங்கலையில் கணிதம் படித்தவள். நடு வகுப்புப் பிள்ளைகள்தான் வேண்டும் என்றாள். பாதை தெளிவாகிவிட்டது.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். "வேலையை விடாமலே படிக்கலாம், வார இறுதியில் வந்தால் போதும்" என்று யாராவது பி.எட். சேர்க்கைக்கு அழைத்தால் பணம் கட்டாதீர்கள். தொலைநிலைப் பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கானது. கணினி நிறுவனத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ புதிதாக வருபவர்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் தினமும் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். 2015இலிருந்து அது இரண்டு வருடப் படிப்பு. அதில் குறைந்தது 20 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. ஆக, இரண்டு வருடம் சம்பளம் கிடையாது. வீட்டுக் கடன் இருந்தால் அந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

அதன்பின் தேர்வுகள். எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்கு டெட் எனும் தகுதித் தேர்வு 2010இலிருந்து நாடு முழுவதும் கட்டாயம். தாள் ஒன்று ஐந்தாம் வகுப்பு வரைக்கும், தாள் இரண்டு ஆறு முதல் எட்டு வரைக்கும். 150 மதிப்பெண், பொதுவான தேர்ச்சி வரம்பு 60 சதவீதம், அதாவது 90. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மாநில அரசு சலுகை தரலாம். பத்தாம் வகுப்பு வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்களும் தாள் இரண்டில் தேறியிருக்க வேண்டும். 2012 ஜூலையில் தமிழ்நாடு முதன்முதலாக இதை நடத்தியபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, தேறியவர்கள் 2,448 பேர் மட்டுமே. ஒன்றரை மணி நேரமே கொடுத்திருந்தார்கள். பிறகு அதை மூன்று மணி நேரம் ஆக்கினார்கள். டெட் தேறினால் உடனே வேலை என்றும் எண்ணாதீர்கள். 2018 அரசாணைப்படி பணி நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு இருக்கிறது. பட்டதாரி ஆசிரியர்களுக்கு அது 2024 பிப்ரவரியில்தான் முதன்முதலாக நடந்தது. இடையில் காத்திருந்த வருடங்களை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "சரி அம்மா, தெரிந்துதான் போகிறேன்" என்றாள். அன்றிலிருந்து பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என் பொறுப்பு. பெற்றோராக நம்மால் முடிகிற உதவி பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. அதைச் செய்வோம்.

[திரையில்: கரும்பலகை; அதில் ½ + ⅓ = ⅖]

இப்போது அவள் கற்பித்தல் பயிற்சியில், ஆறாம் வகுப்பில் இருக்கிறாள். போன வாரம் வந்து, பின்னக் கூட்டலில் பாதி வகுப்பு இப்படித்தான் போடுகிறது என்று காட்டினாள். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். 31 வருடமும் இதைப் பார்த்தவள் நான். சிவப்பு மையால் சுழித்து, பொதுமடங்கு கண்டுபிடிக்கும் முறையை மறுபடி எழுதிப் போடுவேன்.

அவள் சுழிக்கவில்லை. ஒரு பையனிடம், "இந்த விடை உனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறாள். பிழை எங்கே நுழைகிறது என்று தேடுவதுதானே அவளுடைய பதினான்கு வருட வேலை. பையன் சொன்னானாம்: "டீச்சர், இரண்டு பந்து எறிந்து ஒன்று ஸ்டம்பில் பட்டது. அப்புறம் மூன்று எறிந்து ஒன்று பட்டது. மொத்தம் ஐந்துக்கு இரண்டுதானே?"

அந்தக் கணக்கில் அவன் சொன்னது சரி. எறிந்ததையும் பட்டதையும் எண்ணும்போது அப்படித்தான் கூட்ட வேண்டும். ஒரே அளவுள்ள முழுமையிலிருந்து எடுத்த துண்டுகளைச் சேர்க்கும்போதுதான் அது பொருந்தாது. அவன் விடை ஐந்தில் இரண்டு. அது அரையைவிடக் குறைவு. அரை தோசையோடு இன்னொரு துண்டைச் சேர்த்தால் அரைக்கும் கீழே போகுமா? இதை அவனே பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இரவு பதினொரு மணி வரை பாடக்குறிப்பை மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவளுக்கு இரண்டு தோசை கட்டிக் கொடுத்தேன். இரண்டும் ஒரே அளவில், நல்ல வட்டமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.