பாட்டு நின்ற பிறகு கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் ரசிகர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இளையராஜாவின் மேதைமை பெரிதும் வெளிப்படுவது பாடல்களிலா, பின்னணி இசையிலா? இதுதான் தலைப்பு. பின்னணி இசையில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா, 'செந்தாழம் பூவில்' பாட்டில் இரண்டு வரி பாடினார். அரங்கமே கூடப் பாடியது. அப்புறம், "பாட்டுதான் பிரியாணி, பின்னணி இசை பக்கத்தில் வைக்கிற தயிர்ப் பச்சடி" என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, அந்தப் பாட்டு வந்த படத்துக்கே போவோம்.

'முள்ளும் மலரும்', 1978. மகேந்திரன் இயக்கிய முதல் படம். கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அண்ணன் காளிக்குப் பிடிக்காத எஞ்சினியரைக் கட்டிக்கொள்ளத் தங்கை வள்ளி புறப்பட்டுவிட்டாள். காளியின் மனைவி உட்பட ஊரே அவள் பின்னால் போகிறது. ஒரு கையை இழந்த காளி தனியாக நிற்கிறான். அவனைக் கடந்து போன வள்ளி நிற்கிறாள், திரும்புகிறாள், ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அந்த இடத்தில் பக்கம் பக்கமாக வசனம் வைத்திருக்கலாம். மகேந்திரன் வைக்கவில்லை. அந்தப் பாசம் முழுவதையும் இசையிடம் ஒப்படைத்தார். தியேட்டரில் அழுதவர்கள் எந்த வரியைக் கேட்டு அழுதார்கள்? அங்கே வரியே கிடையாது அம்மா!

ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது? இயக்குநர் சூழலைச் சொல்கிறார், இவர் மெட்டுப் போடுகிறார். கவிஞர் வார்த்தை தருகிறார், பாடகர் உயிர் தருகிறார். அதற்கேற்பக் கேமரா போகிறது. அங்கே படம் இசைக்காகக் காத்திருக்கிறது. பின்னணி இசையில் எல்லாம் தலைகீழ். படம் எடுத்து, வெட்டி, ஒட்டி முடிந்துவிட்டது. காட்சியின் நீளத்தை யாரோ முடிவு செய்துவிட்டார்கள். நடுவில் வசனம் குறுக்கிடும், கதவு சாத்தும் சத்தம் வரும். அந்த ரீலைத் திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, ஆர்மோனியத்தைத் தொடாமல், வயலினுக்கு இது, செல்லோவுக்கு இது, புல்லாங்குழலுக்கு இது என்று நேராகத் தாளில் நொட்டேஷன் எழுதுகிறார். கொஞ்ச நேரத்தில் வாத்தியக்காரர்கள் அதை வாசிக்கிறார்கள், காட்சியோடு பொருந்துகிறது. இப்படி வருஷத்துக்கு டஜன் கணக்கில் படங்கள் என்று 80கள் முழுக்கச் செய்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறியபோது நாட்டுப்புற மெட்டு அவரிடம் வந்துவிட்டது. மெட்டு மட்டும் போதுமென்றால் அங்கேயே நின்றிருக்கலாம். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, ஒரு வாத்தியக் குழுவை எப்படி நடத்துவது என்று பழகினார். 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பே இத்தனை வருஷத் தயாரிப்பு நடந்திருக்கிறது.

பாடல்களைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் பாட்டு என்று வந்தால் அவருக்கு முன்னே விஸ்வநாதன், ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன் என்று மலை மலையாக நிற்கிறார்கள். அந்த வரிசையில் இவரும் ஒரு மலை. ஒரு காட்சியின் மனசை வாத்தியங்களால் இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் என்றால், தமிழில் இவருக்கு முன்னால் யாரைக் காட்டுவீர்கள்?

'மௌன ராகம்' 1986இல் வந்தது. ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள். அந்த வீட்டின் பேச்சு முழுவதும் இசைதான். "பின்னணி இசையை யார் முணுமுணுக்கிறார்கள்?" என்று கேட்டார்களே, இந்தப் படத்தின் பின்னணி இசையை எத்தனை பேர் ரிங்டோனாக வைத்திருந்தார்கள்! அடுத்த வருஷமே 'நாயகன்'. 'தென்பாண்டிச் சீமையிலே' பாட்டாயிற்றே என்பீர்கள். அது பாட்டாக மட்டும் நின்றிருந்தால் ஒரு நல்ல தாலாட்டு, அவ்வளவுதான். அந்த மெட்டு படத்தில் திரும்பத் திரும்ப வந்து, வேலு நாயக்கருக்கு நரை விழுந்த பிறகும் அந்தப் பழைய சிறுவனை நமக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த வேலை பின்னணி இசையினுடையது.

விருதுக் கணக்கையும் எதிரணி எடுத்தது. 'சிந்து பைரவி' பாட்டுக்காகத் தேசிய விருது என்றார்கள். அந்தக் காலத்தில் இசைக்கு ஒரே விருதுதான், பாட்டும் பின்னணியும் அதற்குள் சேர்த்தி. நடுவில் 1994ஆம் ஆண்டுப் படங்களுக்கு ஒருமுறை பின்னணி இசைக்குத் தனி விருது கொடுத்தார்கள்; 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் பாடல்களுக்குத் தனி, பின்னணி இசைக்குத் தனி என்று வழக்கமாகப் பிரித்தார்கள். அப்படி வழக்கமாக்கிய முதல் ஆண்டிலேயே பின்னணி இசை விருது இளையராஜாவுக்கு, மலையாளப் 'பழசிராஜா'வுக்காக. 2015ஆம் ஆண்டு 'தாரை தப்பட்டை'க்கும் அதே பின்னணி இசை விருதுதான்.

நேரமணி அடித்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். 2013இல் மிஷ்கின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' எடுத்தார். சென்னையின் இரவில் ஓடுகிற கதை, ஒரு பாட்டுகூடக் கிடையாது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் எனக்கு ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். இளையராஜா என்றால் பாட்டுதான் என்றால், பாட்டே வேண்டாம் என்று முடிவு செய்த ஒரு இயக்குநர் ஏன் அவரைத் தேடிப் போனார்?

நன்றி, வணக்கம்.